ஹட்டனா, ஹற்றனா, அட்டனா? ஆங்கில மெய்யொலிகள் பற்றி ஒரு பதில்

கேட்டவர் இலங்கை மலையகத்தைச் சேர்ந்த ஒரு தங்கச்சி. கல்வியியற் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கப் பயில்கிறார். அவருடைய கேள்வி சுருக்கமாக இது: "ஆங்கிலத்தில் 24 மெய்யொலிகள், ஒவ்வொன்றுக்கும் வொய்ஸ்லெஸ் பைலேபியல் ப்ளோசிவ் என்கிற மாதிரி மூன்று சொல்லில் ஒரு பெயர். ராத்திரி பாடமாக்கினால் காலையில் மறந்துபோகிறது. இவையெல்லாம் நம்ம ப, த, ட தானே, எதற்கு இவ்வளவு பெயர்?"

தங்கச்சி, முதலில் பாடமாக்குவதை நிறுத்துங்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது, இந்தப் பெயர்களை வாயால் செய்து பார்க்காமல் கொப்பியில் எழுதி மனனம் செய்தவர்கள் பரீட்சை முடிந்த மறுவாரமே அதை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான். அந்த மூன்று சொல்லையும் வாய்க்குத் தருகிற மூன்று கட்டளைகளாக வாசியுங்கள். முதல் சொல் குரல்நாணுக்கு, அதிர வேண்டுமா வேண்டாமா என்று. இரண்டாவது சொல் எந்த இடத்தில் காற்றை மறிப்பது என்று. மூன்றாவது, எப்படி மறிப்பது என்று. பைலேபியல் என்றால் இரண்டு உதடும், ப்ளோசிவ் என்றால் முழுசாக அடைத்துப் பிறகு வெடிக்க விடுவது. வொய்ஸ்லெஸ் என்றால் தொண்டை அதிராமல். அவ்வளவுதான், இந்த மூன்றையும் ஒன்றாகச் செய்தால் பேனாவைச் சொல்கிற பென் என்ற சொல்லின் முதல் ஒலி தானாக வந்துவிடும்.

ஆங்கிலத்துக்குப் போவதற்கு முன்னால் நம்ம சொல் ஒன்றிலேயே இதைப் பார்த்துவிடலாம். கொழுந்து என்று மெதுவாகச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் என்ன நடக்கிறது என்று கவனித்துக்கொண்டு. தொடக்கத்தில் நாக்கின் பின்பகுதி எழும்பி மேலண்ணத்தின் மெத்தென்ற பகுதியில் ஒட்டிக் காற்றை அடைக்கிறது, பிறகு விடுகிறது, தொண்டையில் அதிர்வு இல்லை. அது க். அப்புறம் ழ். நாக்கு நுனி பின்னால் வளைகிறது, ஆனால் எதையும் தொடுவதில்லை, காற்று தடையில்லாமல் போகிறது, தொண்டை அதிர்கிறது. அப்புறம் வருகிற ந்து தான் இதில் மிக அழகான இடம். ந் சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்புறத்தில் ஒட்டியிருக்கிறது, மெல்லண்ணம், அதாவது மேலண்ணத்தின் அந்த மெத்தென்ற பகுதி, கீழே இறங்கியிருப்பதால் காற்று மூக்கு வழியாகப் போகிறது. அங்கிருந்து து வுக்குப் போக நாக்கை ஒரு நூல் அளவும் நகர்த்த வேண்டியதில்லை. மெல்லண்ணம் மேலே ஏறி மூக்கு வழியை மூடுகிறது, உடனே காற்று பல்லுக்குப் பின்னால் சேர்ந்து வெடிக்கிறது. இடம் ஒன்றே, முறை மட்டும் மாறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு கொழுந்து என்று சொல்லிப் பாருங்கள், ந் திண்டாடும், து அசையாது.

இதைச் செய்து பார்த்தவருக்கு ஒலியியலில் பாதி வந்துவிட்டது என்பது என் எண்ணம். மீதியை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குரல் என்பது நுரையீரலிலிருந்து வருகிற காற்று குரல்வளையில் இருக்கிற இரண்டு குரல்நாண்களுக்கு நடுவே போகும்போது அவை நெருங்கி நின்று படபடப்பதால் வருவது. ஆண் குரலில் வினாடிக்குச் சுமார் 120 தடவை, பெண் குரலில் 200க்குச் சற்று மேல். நாண்கள் விலகி நின்றால் வெறும் காற்றுத்தான் போகும். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு நீளமாக ஸ்ஸ்ஸ் என்று சொல்லுங்கள், பிறகு அதே நாக்கு நிலையில் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒலியை எழுப்புங்கள். இரண்டாவதில் தலைக்குள் கிண்ணென்று அதிரும். முதலாவது வொய்ஸ்லெஸ், இரண்டாவது வொய்ஸ்ட். மிருகக்காட்சிச்சாலையைச் சொல்கிற ஸூ என்ற சொல்லின் தொடக்கம் அந்த இரண்டாவது ஒலிதான்.

இங்கேதான் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன், "நம்ம ப, த, ட தானே" என்றீர்கள். பிக் என்று தமிழில் எழுதினால் அது பன்றியா, பெரியதா? கோட் என்று எழுதினால் போட்டுக்கொள்வதா, ஆடா? நாள் முழுக்க நாம் குடிக்கிற டீயையும் ஆங்கில நெடுங்கணக்கின் நான்காவது எழுத்தையும் தமிழில் ஒரே மாதிரித்தான் எழுத முடியும். இதைத் தமிழின் குறை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் தமிழுக்கு அந்த வேறுபாட்டைத் தனி எழுத்தில் காட்டத் தேவையே இல்லை, இடம் பார்த்து நம் வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. பல், பட்டம், அப்பா என்பவற்றில் தொண்டை அதிராது, கம்பு, பாம்பு என்பவற்றில் அதே ப அதிரும். கல், பக்கம் ஒரு விதம், தங்கம் இன்னொரு விதம். ஆகவே இரண்டு ஒலியும் உங்கள் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. ஆங்கிலம் கேட்பதெல்லாம் அவற்றை நினைத்த இடத்தில் நினைத்தபடி எடுக்க வேண்டும் என்பதுதான். கம்பு என்பதில் கடைசியில் வருகிற ஒலியைச் சொல்லின் தொடக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் பெரியதைச் சொல்கிற பிக் கிடைக்கும். சிங்களம் படித்திருப்பீர்கள், அதில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு, கண்டியின் முதல் ஒலிக்கு ஒன்று, கம்பளையைக் கம்பொல என்று சிங்களத்தில் சொல்லும்போது வருகிற அதிர்கிற முதல் ஒலிக்கு வேறொன்று. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் ஏற்கனவே கையில் இருக்கிறது, வகுப்பில் அதை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது இடம். தமிழ் நெடுங்கணக்கை க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று ஒப்புவித்திருக்கிறோம், அதைச் சொல்லும்போது நாக்கு எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தொண்டைப் பக்கத்தில் தொடங்கி உதட்டில் முடிகிறது. ஒவ்வொரு சோடியும் ஒரே இடத்தில் பிறக்கிற ஒரு வல்லினமும் அதன் மெல்லினமும். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் இருக்கிறது, ககாரமும் ஙகாரமும் முதல்நாவும் அண்ணமும் சேரப் பிறக்கும், சகாரமும் ஞகாரமும் இடைநாவில், டகாரமும் ணகாரமும் நுனிநாவில் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிற சர்வதேச ஒலியியல் அட்டவணை, அதை ஆக்கிய சங்கம் 1886இல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கியது, அதே வேலையை எதிர்த்திசையில் செய்கிறது. இடது ஓரத்தில் உதடு, வலது ஓரத்தில் குரல்வளை. மேலிருந்து கீழே முறை. ஒரு கட்டத்துக்குள் இரண்டு ஒலி இருந்தால் இடப்பக்கம் இருப்பது அதிராதது, வலப்பக்கம் இருப்பது அதிர்வது. நம் ஆட்களுக்கு அன்னியமான ஏற்பாடு எதுவும் அதில் இல்லை.

சோடிகளில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், கடைசியில் வருகிற ற ன. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், மலையகத்து ஆங்கில உச்சரிப்பின் திறவுகோல் இதில்தான் இருக்கிறது என்பது என் திடமான நம்பிக்கை.

ஹட்டன் ஊரின் பெயரைக் கடைப் பலகைகளில் பாருங்கள். சில இடத்தில் ஹட்டன், சில இடத்தில் ஹற்றன், பேச்சில் அட்டன். பத்திரிகையில் கிலோமீற்றர், பற்றறி, கிறிக்கெற் என்றெல்லாம் வரும், நம் வீட்டில் பேட்டரி, கிரிக்கெட் என்போம். இரண்டும் சரிதான், ஆனால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் டீ, டென், டவுன் என்ற சொற்களின் தொடக்க ஒலியில் நாக்கு நுனி தொடுகிற இடம் மேற்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கிற மேடு, ஈறு புடைத்திருக்கும் இடம். நம்ம த அதற்கு முன்னால், பல்லிலேயே. நம்ம ட அதற்குப் பின்னால், நாக்கை மடித்து அண்ணத்தில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த மேட்டில் தமிழில் பிறப்பவை ற்ற வும் ன வும்தான். யாழ்ப்பாணத்தார் காற்று, வெற்றி என்று சொல்லும்போது ற்ற என்பது அந்த மேட்டில் சுத்தமான அடைப்பொலியாக வரும், அதனால் ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் அவர்கள் கை ற்ற என்று எழுதியது. நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டுப் பக்கங்களில் காற்று என்பதில் ர கலந்த ஓர் ஒலி வரும், சுத்தமான அடைப்பு அங்கே இல்லாததால் கிட்டிய எழுத்தாக ட வை எடுத்துக்கொண்டோம்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ட விலிருந்து தொடங்காதீர்கள். ன் என்று சொல்லி நாக்கை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள், மனம், அவன், எந்தச் சொல்லில் வருகிற ன் ஆனாலும் சரி. அந்த இடத்திலிருந்து நாக்கை எடுக்காமல் மூக்கு வழியை மூடி வெடிக்க விட்டால் ஆங்கில டீ வரும், தொண்டையை அதிர விட்டால் நாயைச் சொல்கிற டோக் வரும். ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் பிறகு விடாது. இன்னொன்றும் கவனியுங்கள், பத்தாவது என்று பொருள்படும் டென்த் என்ற சொல்லில் ஆங்கிலேயரின் நாக்கும் பின்னால் வரும் பல்லொலிக்காக முன்னாலேயே பல்லுக்குப் போய்விடும், அதாவது அவர்களுக்கு அங்கே வருவது நம்ம ந். அவர்களிடம் அதற்குத் தனி எழுத்து இல்லை, நம்மிடம் இருக்கிறது.

சரி, மூன்றாவது, முறை. வல்லினம், மெல்லினம், இடையினம் என்று நாம் பிரித்தது முறையை வைத்துத்தான் என்று சொல்லிவிடலாம். வல்லினம் அடைத்து வெடிப்பது, மெல்லினம் மூக்கு வழி, இடையினம் பெரும்பாலும் தடையில்லாமல் வழுக்கிப் போவது. ஆங்கிலத்திலும் இந்த மூன்றும் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது, அதற்கு நம் மூவினத்தில் இடமே இல்லை. அதுதான் உரசொலி, புத்தகத்தில் ஃப்ரிகேட்டிவ். காற்றை முழுசாக அடைக்காமல் ஒரு மெல்லிய இடுக்கு விட்டு அதன் வழியாகச் சீறிக்கொண்டு போக விடுவது. 24இல் 9 இந்த வகை. நம் பிள்ளைகள் தடுமாறுகிற இடமும் பெரும்பாலும் இதுதான், இடுக்கு விட வேண்டிய இடத்தில் நாம் பழக்கத்தால் அடைத்துவிடுகிறோம். தேயிலைக்கு முன்னால் இந்த மலையெல்லாம் விளைந்த பயிரின் பெயரையே பாருங்கள், ஆங்கிலத்தில் மேற்பல்லும் கீழுதடும் உரசிச் சொல்கிற ஒலி நம் வாயில் இரண்டு உதடும் அடைகிற ப்ப் ஆகிக் கோப்பி என்று நிலைத்துவிட்டது. ஃபெக்டரி பெக்டரி ஆனதும் அப்படித்தான். கீழுதட்டை மேற்பல்லில் மெதுவாகப் படியவைத்து ஊதினால் போதும், உதடுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது.

திங்க், திஸ் என்று நாம் எழுதுகிற இரண்டும் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். இதில் எனக்கு வேறு கருத்து உண்டு. அது, கதை என்று வேகமாகப் பேசும்போது நடுவில் வருகிற த வைக் கவனியுங்கள், நாக்கு பல்லை முழுசாக அடைப்பதே இல்லை, லேசாகத் தடவிக்கொண்டு போகிறது. அந்தத் தளர்ந்த த தான் திஸ் என்ற சொல்லின் தொடக்கத்துக்கு மிகக் கிட்டியது. அதைச் சற்று நீட்டி, தொண்டை அதிர்வை மட்டும் நிறுத்தினால் யோசிப்பதைச் சொல்கிற திங்க் வரும். தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாததுக்குக் கூட்டிக்கொண்டு போவதுதானே படிப்பிப்பது.

விலை என்ற பிரைஸ், பரிசு என்ற பிரைஸ், இவற்றில் கடைசி ஒலி முறையே அதிராதது, அதிர்வது. ஆனால் ஆங்கிலேயர் காது இவற்றைப் பிரிப்பது கடைசி ஒலியை வைத்து மட்டும் இல்லை, அதிராத ஒலிக்கு முன்னால் உயிர் குறுகிவிடும், அதிர்வதற்கு முன்னால் நீளும். பரிசை நீட்டிச் சொல்லுங்கள், விலையை வெட்டிச் சொல்லுங்கள், பாதிச் சிக்கல் அதிலேயே தீரும். கப்பலைச் சொல்கிற ஷிப் நமக்குப் பழக்கம்தான், அதன் அதிர்கிற துணை டெலிவிஷன் என்ற சொல்லின் நடுவே வருகிறது, நாம் அங்கே அதிர்வை விட்டுவிடுகிறோம். இன்னும் ஒன்று பாக்கி, ஹ. வாய்க்குள் எங்கும் தடையில்லை, உரசல் குரல்வளையில். ஹட்டன் அட்டன் ஆனதும் அப்புத்தளையின் முன்னால் இருந்த ஹ காணாமல் போனதும் நம் பேச்சு அதை விட்டுவிடுகிற பழக்கத்தால்தான். மகன் என்று விரைவாகச் சொல்லும்போது நடுவே வருவது கிட்டத்தட்ட அதே மூச்சுத்தான், சொல்லின் முன்னால் கொண்டுவரப் பழக்கினால் போதும்.

அடைப்பும் உரசலும் சேர்ந்த ஒரு சோடி இருக்கிறது, நாற்காலியைச் சொல்கிற செயர் என்ற சொல்லின் தொடக்கமும் ஜாம் என்பதன் தொடக்கமும். அடைத்த நாக்கைச் சட்டென்று விடாமல் மெதுவாகப் பிரித்தால் வெடிப்புக்குப் பதில் உரசல் வரும். நம்ம ச ஒன்றே இதற்கெல்லாம் போதும்: பேச்சில் சாப்பாடு என்பதில் அது வெறும் உரசொலி, பச்சை என்பதில் அதிராத அடைப்புரசொலி, மஞ்சள் என்பதில் அதிர்கிற அடைப்புரசொலி. வகுப்பில் மஞ்சள் பச்சை என்று சொல்லவைத்தே இந்தச் சோடியை முடித்துவிடலாம்.

மூக்கொலி மூன்றில் ம, ன பற்றிக் கவலையில்லை. ங் மட்டும் கொஞ்சம் வேலை வாங்கும். தமிழில் ங் வந்தால் அநேகமாகப் பின்னால் க வந்துவிடும், அந்தப் பழக்கத்தில் அரசனைச் சொல்கிற கிங் என்ற சொல்லுக்கும் கடைசியில் ஒரு க வைச் சேர்த்துவிடுகிறோம். தங்கம் என்று சொல்லத் தொடங்கி ங் இல் நிறுத்தி மூக்கால் இழுங்கள், அதுதான் கிங் முடிகிற இடம். விரலைச் சொல்கிற ஃபிங்கர் என்பதில் க உண்டு, பாடகரைச் சொல்கிற சிங்கர் என்பதில் இல்லை. எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும்.

ல அவர்களுக்கும் ல தான். சொல்லின் கடைசியில் வரும்போது மட்டும் நாக்கின் பின்பகுதி எழும்புவதால் கனமாகக் கேட்கும், அதை ள என்று நினைத்து நாக்கை மடித்துவிட வேண்டாம். ர தான் பலருக்கு ஆச்சரியம் தரும். நம்ம ர வில் நாக்கு நுனி ஒரு தட்டுத் தட்டுகிறது, ற வில் உருளுகிறது. மழையைச் சொல்கிற ரெயின் என்ற ஆங்கிலச் சொல்லில் நாக்கு எதையும் தொடுவதே இல்லை. தொடாமல் நுனியை உயர்த்தி நிற்கிற ஒலி நம்மிடம் எது? ழ. தோட்டத்தில் கொளுந்து, மள என்று பேசிப் பழகிய வாய்க்கு ழ கடினம் என்பது தெரியும், ஆனால் ழ வைச் சரியாகப் பழகிய பிள்ளைக்கு ஆங்கில ர கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைத்துவிடும். நான் தமிழாசிரியரையும் கூட்டிக்கொண்டு ஒரே வாரத்தில் இரண்டையும் படிப்பித்துப் பலன் கண்டிருக்கிறேன்.

வ வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு பேர். மேற்கு என்ற வெஸ்ட்டுக்கு உதட்டைக் குவிக்க வேண்டும், பல் தொடக்கூடாது. சட்டைக்குள் போடும் வெஸ்ட்டுக்குப் பல்லும் உதடும் உரச வேண்டும். நம்ம வ இரண்டுக்கும் நடுவில், சிங்களத்தின் வ வும் அப்படியே, ஆகவே இதில் சிங்களம் உதவாது. ய பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதே ய தான்.

மூன்று சொல் பெயரில் அடங்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலத்தில் அதிராத வெடிப்பொலி மூன்றும் அழுத்தமான அசையின் தொடக்கத்தில் வந்தால் பின்னால் ஒரு மூச்சு புறப்படும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1800 மீற்றருக்கு மேல், அங்கே ஜனவரி விடியற்காலையில் வெளியே நின்று பல் என்று தமிழில் சொல்லுங்கள், பிறகு பென் என்று ஆங்கிலேயர் மாதிரிச் சொல்லுங்கள். இரண்டாவதில் வாய்க்கு முன்னால் ஆவி குப்பென்று போவது கண்ணுக்கே தெரியும். கீழ்நாட்டில் இருப்பவர்கள் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துப் பார்க்கட்டும். அந்த மூச்சை விட்டுவிட்டால் நாம் பன்றி என்று சொல்வது ஆங்கிலேயர் காதில் பெரியது என்று விழக்கூடும். ஆனால் முன்னால் ஸ் வந்தால் மூச்சு இல்லை, ஸ்பூன், ஸ்டோர், ஸ்கூல் என்பவற்றில் வருவது அப்படியே நம்ம மூச்சில்லாத ஒலிதான்.

பரீட்சைக்கு என்று கேட்டால், 24ஐயும் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம். அதிர்வது அதிராதது என்று சோடி சேர்கிறவை 8 சோடி, அதாவது 16: வெடிப்பொலியில் 3 சோடி, அடைப்புரசொலியில் 1, உரசொலியில் 4. தனியாக நிற்கிற அதிராத ஒலி ஹ ஒன்றே. மீதி 7, மூக்கொலி மூன்றும் ல, ர, உதடு குவிந்த வ, ய என்ற நான்கும், எல்லாமே அதிர்பவை. ஒரு கொப்பித் தாளைக் குறுக்காக வைத்து மேலே இடங்களை எழுதுங்கள், இரு உதடு, பல்லும் உதடும், பல், ஈறு புடைத்த மேடு, அதன் பின்புறம், அண்ணம், மெல்லண்ணம், குரல்வளை. பக்கவாட்டில் முறைகளை எழுதுங்கள். பிறகு புத்தகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு ஒலியையும் வாயால் சொல்லி, நாக்கு நின்ற கட்டத்தில் நிரப்புங்கள். அந்த ஈறு மேட்டுக் கட்டத்தில்தான் கூட்டம் அதிகம், ஆறு ஒலி அங்கே வந்து சேரும், ஆகவே ன் இல் நாக்கை வைத்து அங்கிருந்தே தொடங்குங்கள்.